நாலு ஓட்டை வண்டி

சக்கரம் என்றால் வட்டமாக இருக்கும், அதற்குமேல் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று ஐம்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்தவன் நான். அந்த வட்டத்தின் நடுவில் எத்தனை துளை, துளைக்கும் துளைக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. காதில் விழும், எட்டிப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் என் பிழைப்பே அளவு பார்ப்பதுதான். செருப்புக் கடையில் முப்பது வருடமாக விற்பனையாளன். வந்தவரை உட்காரவைத்து, காலை அளவுப் பலகையில் வைத்து, விரல் நுனிக்கும் தோலுக்கும் நடுவே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்க்காமல் எந்த ஜோடியையும் பெட்டியில் போட்டுக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் மனைவியின் காருக்குச் சக்கரம் வாங்கும்போது அளவு பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கார் அவளுடையது. அவள் பிசியோதெரபிஸ்ட். கை கால் விழுந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பவள். ஒரு நாளைக்கு ஏழு வீடு. நாற்பத்து நாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் அது. அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு அவ்வளவு தெளிவு.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம் வந்தது. ஒரு நாள் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. பளபளவென்று நட்சத்திரம் மாதிரி சக்கரங்கள். அவள் திரும்பிப் பார்த்து, "அழகா இருக்கில்ல?" என்றாள். அவள் இருபத்தைந்து வருடத்தில் அழகாக இருக்கிறது என்று சொன்ன பொருட்கள் மிகக் குறைவு. அந்தப் பட்டியலில் நான் இல்லை. எனவே மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவளுடைய அக்காவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. கூட இருக்கப் பத்து நாள் ஊருக்குப் போனாள். "சனிக்கிழமை வந்துடுவேன். திங்கக்கிழமை ஏழு வீடும் காத்துக்கிட்டு இருக்கும். தினம் அஞ்சு நிமிஷம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைங்க. அது மட்டும் போதும், வேற எதுவும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசி மூன்று வார்த்தைகள் என் காதில் சரியாக விழவில்லை.

அவள் ரயில் ஏறிய மறுநாளே மைத்துனனைப் பிடித்தேன். மைத்துனன் என்றால் அவள் தம்பி. எந்தப் பொருளைக் கேட்டாலும் அதை விற்கிற ஒருவரை அவனுக்குத் தெரியும்.

"மாமா, நாலு அலாய் வீல். ஒரு கீறல் இல்ல. அக்கா பார்த்தா மயங்கிடும். வண்டில அப்படியே உட்காரும்" என்றான்.

நாலு சக்கரங்களையும் கார் டிக்கியில் அடுக்கிக்கொண்டு, மைத்துனன் ஓட்ட, மெக்கானிக்கிடம் போனோம். அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் அதை வைத்திருப்பார். காரின் ஒரு சக்கரத்தைக் கழற்றினார். புதுச் சக்கரத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"உட்காரும்," என்றார். "ஆனா எழுந்திருச்சு ஓடாது."

"ஏன்?"

"உங்க வண்டில நாலு போல்ட். இந்த வீல்ல அஞ்சு ஹோல். வட்டமும் பெருசு. ஒண்ணுக்கொண்ணு சேராது."

நான் என் தொழில் அனுபவத்தைப் பயன்படுத்தினேன். "கொஞ்ச நாள் போட்டு ஓட்டினா விட்டுக் கொடுக்காதா?"

ஸ்பேனர் என்னை நெடுநேரம் பார்த்தார். "அது தோலு சார். இது இரும்பு."

மைத்துனன் தன் போனில் ஏதோ முக்கியமான செய்தி வந்த மாதிரி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

என் முகத்தைப் பார்த்து ஸ்பேனருக்கே பாவமாகிவிட்டது. வழி இருக்கிறது என்றார். நடுவில் ஒரு தட்டு வைக்கலாம். இந்தப் பக்கம் காரின் நாலு போல்ட்டில் உட்காரும், அந்தப் பக்கம் ஐந்து போல்ட்டை நீட்டிக்கொண்டு இருக்கும். பேசிக்கொள்ளாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் சிரிக்கிற உறவுக்காரர் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். நல்ல கம்பெனித் தட்டாகப் போட்டால் பயமில்லையாம். ஆனால் போல்ட் அமைப்பை மாற்றுவது வண்டியையே மாற்றுவதற்குச் சமம். வாகன உருமாற்ற ஒழுங்குமுறை அலுவலகத்தில் அனுமதி வாங்கி வந்தால்தான் கை வைப்பேன் என்றார்.

"ஒரு சின்ன விண்ணப்பம்தான் சார். ரெண்டு வரி எழுதினா போதும்."

அந்த இரண்டு வரியைத்தான் எழுதினேன்.

அலுவலகத்தின் முகப்பில் "மாற்றம், எங்கள் அனுமதியுடன்" என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே சுவரில் ஒரு அறிவிப்பு: "பிறமொழிச் சொற்கள் கலந்த விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படமாட்டா." அதற்குக் கீழே இன்னொன்று: "டோக்கன் கவுண்டர் லஞ்ச் டைம் 1 முதல் 2 வரை."

நான் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன தாளை எடுத்தேன். அதில் வீல் இருந்தது, போல்ட் இருந்தது, ஹோல் இருந்தது, பேட்டர்ன் இருந்தது. ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் "மனைவியின்", "அனுமதி", "இப்படிக்கு" என்ற மூன்று சொற்கள் மட்டும் உயிரோடு இருந்தன. புதுத் தாள் வாங்கினேன். ஹோலுக்குத் தமிழ் என்ன? எவனைக் கேட்டாலும் சொல்வான். எழுதினேன்:

"என் மனைவியின் வண்டி நாலு ஓட்டை வண்டி. அதை அஞ்சு ஓட்டை வண்டியாக மாற்ற அனுமதி வேண்டுகிறேன்."

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு பிறமொழிச் சொல் கிடையாது. சுருக்கம், தெளிவு. என்னிடம் இப்படி ஒரு எழுத்துத் திறமை இருந்தது செருப்புக் கடையில் வீணாகிவிட்டதே என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

கீழே கையெழுத்துக்கான இடத்தில், "உரிமையாளர் (பெண்ணெனில் கணவர்)" என்று அச்சடித்திருந்தது. வசதியாகப் போயிற்று. போட்டேன்.

நாலாம் கவுண்டரில் ஒரு அம்மாள் இருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என் விண்ணப்பத்தைப் படித்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"எத்தனை வருஷமா ஓட்டை?"

"வாங்கினதுலேருந்தே மேடம். கம்பெனியே அப்படித்தான் குடுக்குது."

"கம்பெனியே ஓட்டையாத்தான் குடுக்குதா?"

"இந்த மாடல் எல்லாமே நாலுதான். பெரிய வண்டின்னா அஞ்சு, ஆறு இருக்கும். லாரிக்குப் பத்துகூட இருக்கும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "நாலு இருக்கிறது பத்தாதுன்னு அஞ்சாவது வேணும்ங்கிறீங்க."

"ஆமா மேடம். பார்க்க நல்லா இருக்கும்."

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒரு சந்தோஷத்துக்காகச் செய்யறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையும் அலசப்பட்டது. பிறகு முத்திரை குத்தி, "புதன்கிழமை வண்டியக் கொண்டாங்க. பின்னாடி கழிவு வாகனப் பிரிவு" என்றார்.

பெயரைக் கேட்டபோது லேசாக ஏதோ உறுத்தியது. ஆனால் அரசு அலுவலகங்களில் கண் ஆஸ்பத்திரிக்குள் தபால் நிலையம் இருக்கும். நான் பெயர்களை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மைத்துனன் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். டிக்கியில் புதுச் சக்கரங்களும் வந்தன, கேட்டால் காட்டலாமே. அலுவலகத்தின் பின்பக்கம் பெரிய மைதானம். நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு இயந்திரம், எண்ணெய் போட்டுத் துடைத்துப் புத்தம் புதிதாக நின்றது. கேட்டில் இருந்தவர் கம்பியை உயர்த்தி உள்ளே விட்டார்.

"டோக்கன் வாங்கலையே," என்றேன்.

"உள்ள போறதுக்கு டோக்கன் கிடையாது."

"வெளிய வர்றதுக்கு?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

ஆய்வாளர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இடுப்பில் அளவு நாடா தொங்கியது. உட்கார நாற்காலி கொடுத்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. ஒரு அலுவலகத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் முறை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மைத்துனன் ஆறு பிஸ்கட் சாப்பிட்டான்.

ஆய்வாளர் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். கீழே படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முகம் வாடியிருந்தது.

"நாலு ஓட்டைன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணுகூடக் காணோமே."

"இதோ சார்," என்று சக்கரத்தைக் காட்டினேன்.

"இதுல போல்ட் போட்டு அடைச்சிருக்கு. அடைச்ச ஓட்டை ஓட்டை ஆகாது. விதி பதினேழு." அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இல்லாத ஓட்டைய இருக்குன்னு எழுதினா பொய்த் தகவல். நீங்க நல்ல மனுஷனாத் தெரியறீங்க. கவலைப்படாதீங்க, நான் தேடித் தர்றேன்."

தேடினார். சாவி போடுகிற இடம், பெட்ரோல் ஊற்றுகிற இடம், புகை வருகிற குழாய், கண்ணாடி கழுவத் தண்ணீர் பீச்சுகிற இரண்டு சிறு துவாரம், சீட் பெல்ட் நுழைகிற இடங்கள், ஸ்பீக்கர் வலையில் இருந்தவற்றில் ஒரு பகுதி. நாற்பத்தொன்று வந்ததும் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

"நாற்பத்தொண்ணு இருக்கு. நீங்க நாலுதான் சொல்லியிருக்கீங்க. அடக்கமான ஆளு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மைத்துனனுக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது போலிருக்கிறது. அவன் ஏழாவது பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தான்.

"சார், இது ஓட்டை வண்டி இல்ல. நல்ல வண்டி. நாலு ஓட்டை உள்ள வண்டி. அதாவது சக்கரத்துல."

ஆய்வாளரின் கண் கலங்கியது. "எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க. எட்டு வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன். கதவைக் கயித்துல கட்டிக்கிட்டு வர்றான், 'நல்ல வண்டி சார்'ங்கிறான். தரையில காலை ஊனித் தள்ளிக்கிட்டு வர்றான், அவனும் 'நல்ல வண்டி'ங்கிறான். உரிமையாளரே ஓட்டை வண்டின்னு எழுதிக் குடுத்தாத்தான் நசுக்கலாம்னு சட்டம். யாரு எழுதிக் குடுப்பா? எட்டு வருஷமா இந்த மெஷினைத் தினம் துடைக்கிறோம், எண்ணெய் போடறோம். ஒரு தகர டப்பாவைக்கூட அது பார்த்ததில்ல. முதல் முதலா ஒருத்தர் தானா முன்வந்து, தன் கையால எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கார். இப்ப இல்லைங்கிறீங்களே."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மனைவியின் காரைக் கொடுக்க முடியுமா? ஆனால் கேட்டில் இருந்தவர் கம்பியை இறக்கிப் பூட்டும் போட்டிருந்தார். காருக்குப் பச்சை நிறத்தில் எண் ஒட்டினார்கள். எண் ஒன்று.

அன்று மாலை மனைவி போன் செய்தாள்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"சத்தம் ஒண்ணும் வித்தியாசமா இல்லையே?"

"இல்ல. சத்தமே இல்ல."

"நல்ல வண்டிங்க அது," என்றாள். "அக்கா வீட்டுல எல்லாரும் கார்ல கூட்டிட்டுப் போறாங்க, கூட்டிட்டு வர்றாங்க. பின்னாடி உட்கார்ந்தா எனக்குக் கை பரபரங்குது. போய் நம்ம வண்டில உட்கார்ந்தாத்தான் மூச்சு வரும்."

நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் கார் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லை. அவ்வளவு நல்ல வண்டி.

வியாழக்கிழமை இயக்குநரைப் பார்த்தேன். அறையில் நாலு கடிகாரங்கள் மாட்டியிருந்தன. நாலும் வேறு வேறு நேரம் காட்டின. எல்லாம் பரிசாக வந்தவையாம். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். சொல்லி முடித்தபோது உண்மையாகவே தூங்கியிருந்தார். எழுந்ததும் பேச ஆரம்பித்தார்.

"இந்த அலுவலகத்தோட நோக்கம் என்னன்னு நினைக்கிறீங்க? மாற்றம். அது வராமப் பார்த்துக்கிறதுதான் எங்க வேலை. அதை ஒரு குறையுமில்லாமச் செய்துக்கிட்டு வர்றோம். இருபது வருஷத்துல எத்தனையோ பேர் ஏதேதோ மாத்தணும்னு வந்தாங்க. ஒருத்தரையும் மாத்த விடல. ஆனா அந்த மெஷின் சும்மா இருக்கிறதை மட்டும் என்னால பார்க்க முடியல. மனுஷங்க சும்மா இருக்கலாம், அதுக்கு நாங்க பழகிட்டோம். இரும்பு சும்மா இருந்தா துருப் பிடிச்சிடும்."

"சார், நான் எழுதினது தப்பு."

"தப்புதான்னு எனக்கும் தெரியுது. வண்டியப் பார்த்தாலே தெரியுது. ஆனா அழைப்பிதழ் அடிச்சாச்சே." மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வழவழப்பான அட்டை. சனிக்கிழமை காலை பதினொரு மணி. முதல் ஓட்டை வண்டி நசுக்கும் விழா. "முன்மாதிரிக் குடிமகன்" என்று போட்டு என் பெயர். அதிலும் ஒரு எழுத்துப் பிழை இருந்தது.

"என் பேர் தப்பா இருக்கு சார்."

"அடடா. அதைத் திருத்திடலாம்," என்றார். "அழைப்பிதழ்ல தப்பு இருந்தா அழைப்பிதழைத் திருத்தலாம். விண்ணப்பத்துல தப்பு இருந்தா வண்டியத்தான் திருத்தணும். அதான் நடைமுறை."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதிரில் போகிறவர்களின் செருப்புகளைப் பார்த்தேன். துக்கம் வந்தால் நான் அதைத்தான் செய்வேன். தேய்ந்த குதிகாலோடு ஒரு ஜோடி என் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் நாலாம் கவுண்டர் அம்மாள்.

"விண்ணப்பத்தை மறுபடி படிச்சுப் பார்த்தேன்," என்றார். "சக்கரத்து ஓட்டையா?"

"ஆமா மேடம்."

"துளைன்னு எழுதியிருக்கக் கூடாதா?"

"தோணலை மேடம்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுத்துப் பிழைத் திருத்தப் படிவம்னு ஒண்ணு இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க, நாங்களும் சொல்ல மாட்டோம். ஆனா ஒரே ஒரு எழுத்துதான் மாத்தலாம். அதே எழுத்து ரெண்டு இடத்துல வந்தா ரெண்டுலயும் மாத்திக்கலாம். அதுக்கு மேல ஒரு புள்ளிகூட வைக்க முடியாது."

"இப்பவே குடுங்க மேடம்."

"உரிமையாளர் வரணும்."

"பெண்ணெனில் கணவர்னு போட்டிருந்ததே?"

"அது விண்ணப்பத்துக்கு. கணவர் தப்புப் பண்ணலாம். திருத்தறதுக்கு அவங்கதான் வரணும்."

என் வாழ்க்கையில் ஒரு அரசாங்க விதி உலக நடப்போடு இவ்வளவு பொருந்தி நான் பார்த்ததில்லை.

ஆக, அவளிடம் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தேன். கடையில் ஒரு பெரியவருக்கு இரண்டு இடதுகால் செருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். மதியம் போன் செய்தேன்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்றாள்.

"வண்டி இங்க இல்லம்மா."

"எங்க?"

"ஆபீஸ்ல. நாளைக்குப் பதினோரு மணிக்கு நசுக்கறாங்க."

"யாரை?" என்றாள். என்னையாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்ற தொனி அதில் இருந்ததாக எனக்குப் பட்டது.

ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். சிக்னல், சக்கரம், ஸ்பேனர், ஓட்டை. முடிந்ததும், "அக்காவுக்கு மருந்து குடுத்துட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிறேன். நீங்க நாளைக்குக் காலைல அங்க இருங்க. எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க. பேனாவத் தொடாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முந்நூறு நாற்காலி, அலுவலக ஊழியர்களே உட்கார்ந்து நிரப்பியிருந்தார்கள். கார் இயந்திரத்தின் வாயருகே நின்றது. குறுக்கே சிவப்பு ரிப்பன். என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்து, "இவர் ஒரு சாதாரண மனிதர். இவர் முகத்தைப் பாருங்கள், எவ்வளவு சாதாரணம்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

பத்து நாற்பதுக்குக் கையில் பையோடு அவள் கேட்டில் நுழைந்தாள். ரயிலில் தூங்காத கண். நேராக மேடைக்குத்தான் வருவாள் என்று நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் காரிடம் போனாள். கதவில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள், காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்து விரலை அசைத்தாள். இயக்குநர் என் எளிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் இறங்கிப் போனேன்.

நாலாம் கவுண்டரில் அம்மாள் கோப்பை எடுத்து நீட்டினார். மனைவி விண்ணப்பத்தைப் படித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பயந்துபோய் அவள் பையை வாங்கிக்கொண்டேன். அழவில்லை. சிரிக்கிறாள். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"அஞ்சாவது ஓட்டை எனக்குப் பரிசா?"

"நீதான் சிக்னல்ல அழகா இருக்குன்னு சொன்னே."

"அந்த வண்டில பின்னாடி ஒரு நாய்க்குட்டி தலைய நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க."

நான் அவள் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் பேனாவை எடுத்தாள். விண்ணப்பத்தை மெதுவாக மறுபடி படித்தாள். "ஒரு எழுத்துதானே?" என்று கேட்டுக்கொண்டாள். "ஓட்டை"யில் இருந்த "டை"யை "ட" ஆக்கினாள். இரண்டு இடத்திலும். அவ்வளவுதான். தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அம்மாள் வாய்விட்டு வாசித்தார்: "என் மனைவியின் வண்டி நாலு ஓட்ட வண்டி. அதை அஞ்சு ஓட்ட வண்டியாக மாற்ற அனுமதி வேண்டுகிறேன்."

என்னைத் தேடிக்கொண்டு வந்து நின்ற ஆய்வாளர், "அதேதானே வாசிக்கிறீங்க?" என்றார்.

"காதால கேக்காதீங்க, கண்ணால பாருங்க. ஓட்டை இல்ல. ஓட்ட."

"பேசறப்ப ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"பேசறதுக்கெல்லாம் இங்க என்னிக்கு மதிப்பு இருந்திருக்கு? எழுத்துல ஓட்ட. ஓட்டுறதுக்கான வண்டி." அம்மாள் என் மனைவியைப் பார்த்தார். "நாலுங்கிறது?"

"நாலு பேர் ஓட்ட," என்றாள் அவள், யோசிக்காமல். "நான், என் அக்கா, என் தம்பி, மெக்கானிக். அஞ்சாவதா ஒரு ஆளைச் சேர்க்கணும்."

"அப்ப இது கழிவுப் பிரிவே இல்ல. ஓட்டுநர் சேர்ப்புப் பிரிவு."

"அது எங்க இருக்கு?"

"இங்கதான்." அம்மாள் கவுண்டர் முன்னால் தொங்கிய பலகையைத் திருப்பிப் போட்டார்.

ஐந்தாவது ஆள் யார் என்று படிவம் கேட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"லைசென்ஸ் இருக்குல்ல?"

இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் அடையாள அட்டைக்காக இதே அலுவலகத்தில் எடுத்தது. தவறாமல் புதுப்பித்தும் வருகிறேன். அன்று என்னைக் கேட்ட ஒரே கேள்வி, போட்டோ கொண்டு வந்தீர்களா என்பது. கொண்டு போயிருந்தேன், தேர்ச்சி பெற்றேன்.

"சேர்க்கப்பட்டவர்தான் வண்டிய வளாகத்தை விட்டு வெளிய ஓட்டிக்கிட்டுப் போகணும்," என்று அம்மாள் படித்துக் காட்டினார். "அப்பத்தான் சேர்ப்பு செல்லும்."

செய்தி மேடைக்குப் போனது. ஒரு சீட்டை வாங்கிப் படித்த இயக்குநர் ஒரு வினாடி மட்டும்தான் நின்றார். "இன்று நசுக்கப்பட இருந்த இந்த வாகனம், நம் அலுவலகத்தின் இடைவிடாத முயற்சியால், ஐந்து பேர் ஓட்டும் வாகனமாக உயர்த்தப்பட்டுள்ளது" என்றார். பலத்த கைதட்டல். ஆனால் ரிப்பன் அப்படியே இருந்தது. சிறப்பு விருந்தினர் கையில் கத்தரிக்கோலோடு நின்றார். எட்டு வருடம் துடைத்த இயந்திரம் திறந்த வாயோடு நின்றது. ஆய்வாளர் அதன் பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்து நின்றார்.

என் மனைவி அவரைப் பார்த்தாள். நோயாளிகளைப் பார்க்கிற பார்வை அது. பிறகு டிக்கியைத் திறந்தாள்.

"இதை வச்சுக்கங்க சார். நாலு வீல். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு. எதையும் போல்ட் போட்டு அடைக்கல."

ஆய்வாளர் ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். "நாலஞ்சு இருபது," என்றார். "இருபது ஓட்டை. இதுவரைக்கும் யாருமே குடுத்ததில்லம்மா."

என் பரிசு இயந்திரத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இடது கால் கிளட்ச். மெதுவா விடுங்க. கால்ல செருப்பு மாட்டிவிடறப்ப எவ்வளவு மெதுவாத் தள்ளுவீங்க, அவ்வளவு மெதுவா."

விட்டேன். கார் நகர்ந்தது. உண்மையாகவே நகர்ந்தது. பின்னால் இயந்திரம் உறுமியது, நொறுங்குகிற சத்தம், கைதட்டல். கேட்டின் கம்பி உயர்ந்தது. அதற்குள் யாரோ கத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தால், ஆய்வாளர் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார்.

"சார், சக்கரத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதணும். ரெண்டு வரிதான்."

"நிறுத்தாதீங்க," என்றாள் என் மனைவி.

"எப்படி நிறுத்தறதுன்னு நீ இன்னும் சொல்லவே இல்லையே."

"அதுவும் நல்லதாப் போச்சு," என்றாள். "நேராப் பாருங்க."